'ஐம் கொனா பொத்துவில்' என்றால் ஏன் சிரிக்கிறார்கள்?

கேள்வி: அறுகம்பேயில் ஒரு கெஸ்ட் ஹவுஸில் வேலை செய்கிறேன். சீசன் காலத்தில் நாள் முழுக்க வெள்ளைக்காரரோடுதான் கதை. அவர்கள் 'கோயிங் டு' என்று முழுதாகச் சொல்லிக் கேட்டதே குறைவு, எல்லாம் 'கொனா'தான். நானும் பழகிவிட்டேன். போன கிழமை ஒரு விருந்தினருக்கு 'ஐம் கொனா பொத்துவில்' என்று வாட்ஸ்அப் பண்ணினேன். சிரிக்கிற முகம் ஒன்று பதிலாக வந்தது. பிறகு பாசிக்குடாவில் ஒரு ஹொட்டலுக்கு வேலை கேட்டு 'ஐ வொனா ஜொயின்' என்று ஈமெயில் போட்டேன். அதைக் கேட்ட எங்கள் ரியூஷன் சேர் தலையில் கை வைத்துவிட்டார். இதெல்லாம் பிழையான இங்கிலீஷா?
– பொத்துவில் வாசகர்

பதில்: முதலில் சேரைத் தலையிலிருந்து கையை எடுக்கச் சொல்லுங்கள், தம்பி. 'கொனா' பிழையான இங்கிலீஷ் இல்லை. ஒக்ஸ்போர்ட், கேம்பிரிட்ஜ் அகராதிகள் இரண்டிலுமே அந்தச் சொல் இருக்கிறது. பேச்சு வழக்கு என்ற குறிப்போடுதான் இருக்கிறது, அவ்வளவுதான். நான் படித்த காலத்தில் வானொலிச் செய்தி கேட்டுத்தான் இங்கிலீஷ் பழகினோம். செய்தி வாசிப்பவர் 'கொனா' சொல்ல மாட்டார். முதல் தடவை ஒரு படத்தில் கேட்டபோது அது யாரோ ஒரு ஆளின் பெயர் என்று நினைத்தேன்.

உண்மையில் உங்களுக்கு இது புதிய விசயமே இல்லை. 'போகிறேன்' என்று எழுதுகிறோம், வாயில் 'போறன்' என்று வருகிறது. 'கோயிங் டு', 'கொனா' கதையும் அதேதான். இன்னொரு ஒற்றுமையும் இருக்கிறது. 'மழை வரப் போகுது' என்கிறோம். மழை வருகிறதா, போகிறதா? போவது என்ற சொல் அங்கே நடையை விட்டுவிட்டு, இனி நடக்க இருப்பதைக் காட்ட மட்டும் நிற்கிறது. 'சொல்லப் போறன்', 'படுக்கப் போறன்' எல்லாம் அப்படித்தான், படுக்கிறவன் எங்கும் போவதில்லை. இங்கிலீஷ்காரரும் அதே போகிற சொல்லைத்தான் அதே வேலைக்கு எடுத்திருக்கிறார்கள். 'இட்ஸ் கொனா ரெய்ன்.'

இப்போது உங்கள் வாட்ஸ்அப்புக்கு வருவோம். 'பொத்துவிலுக்குப் போறன்' என்பதில் கால் உண்மையாகவே நடக்கிறது, அல்லது ஓட்டோ ஓடுகிறது. அந்த 'க்கு'தான் இங்கிலீஷில் 'டு'. ஊருக்கு முன்னால் நிற்கிற அந்த 'டு'வைச் சுருக்க முடியாது. 'ஐம் கோயிங் டு பொத்துவில்' என்று முழுதாகத்தான் சொல்ல வேண்டும், எவ்வளவு அவசரமானாலும். 'கொனா'வுக்குப் பின்னால் ஒரு வினைச்சொல் வந்தே ஆக வேண்டும். நீங்கள் அங்கே பொத்துவிலை வைத்ததால், ஊரே ஒரு வினைச்சொல் ஆகிவிட்டது. தமிழில் சொன்னால், 'நான் பொத்துவிலப் போறன்' என்கிற மாதிரி. சிரிக்காமல் என்ன செய்வார்?

தமிழில் நினைத்துப் பார்த்தாலே பிடிபடும். 'பொத்துவிலுக்குப் போறன்' என்றால் 'கோயிங் டு'. 'பொத்துவிலுக்குப் போகப் போறன்' என்றால் 'ஐம் கொனா கோ டு பொத்துவில்'. இரண்டு போதல் வந்தால் ஒன்று 'கொனா'.

'ஐம்' என்பதில் இருக்கிற 'ம்'மை மட்டும் விழுங்கிவிடாதீர்கள். 'ஐ கொனா' என்று நம் ஆட்கள் நிறையப் பேர் சொல்கிறார்கள். 'ஹீஸ் கொனா', 'தே ஆர் கொனா' என்று அந்த ஒட்டு எப்போதும் இருக்க வேண்டும். கேள்வி கேட்கும்போது 'யூ கொனா ஈட்?' என்று அவர்கள் 'ஆர்' விட்டுவிடுவது உண்டு, அது சரி.

'வொனா' கொஞ்சம் குழப்படிக்காரன். 'வொன்ட் டு'தான் 'வொனா' ஆகும். 'ஷீ வொன்ட்ஸ் டு' என்னும்போது நடுவில் ஒரு 'ஸ்' குந்தியிருக்கிறது, அதனால் 'ஷீ வொனா கோ' வராது. ஆனால் 'டஸ் ஷீ வொனா கோ?' வரும், அந்த 'ஸ்'ஸை 'டஸ்' எடுத்துக்கொண்டு போய்விட்டதே! இன்னொரு விசித்திரம். 'ஹூ டு யூ வொனா மீட்?' என்று கேட்கலாம், சந்திக்கப் போகிறவர் நீங்கள். 'யார் வெல்ல வேணும் எண்டு நினைக்கிறாய்?' என்பதை 'ஹூ டு யூ வொனா வின்?' என்று கேட்டால் அநேகமான இங்கிலீஷ்காரருக்குக் காது உறுத்தும், வெல்லப் போகிறவர் வேறொருவர் அல்லவா. இது ஏன் என்று 1970களிலிருந்து மொழியியல்காரர்கள் சண்டை பிடித்திருக்கிறார்கள். அலையடிக்கிற இடத்தில் உங்களுக்கு அந்தச் சண்டை தேவையில்லை, காது பழகினால் போதும்.

எங்கே பாவிக்கலாம் என்றால், விருந்தினரோடு கதைக்கும்போதும் வாட்ஸ்அப்பிலும் தாராளமாக. அறை பதிவை உறுதி செய்கிற ஈமெயில், சாதாரண தரப் பரீட்சைத் தாள், வேலை விண்ணப்பம் இவற்றில் வேண்டாம். பிரதேச செயலகத்துக்கு மனு எழுதும்போது 'நான் நாளைக்கு வாறன்' என்று எழுதுவீர்களா? பேச்சிலும் ஒரு இடம் கவனம். பில்லைக் கொண்டுபோய் 'டு யூ வொனா பே நவ்?' என்று கேட்டால், வேலை செய்கிறவர் வாயிலிருந்து அது கொஞ்சம் வெடுக்கென்று கேட்கும். 'வுட் யூ லைக் டு' என்று தொடங்குங்கள்.

ஹொட்டலுக்குப் போன ஈமெயிலை விட்டுவிடுங்கள், மன்னிப்புக் கேட்டு இன்னொன்று போட்டால் பிழையை நீங்களே பெரிதாக்கினதாகிவிடும். அவர்கள் பதில் போட்டால் 'ஐ வுட் லைக் டு ஜொயின்' என்று எழுதுங்கள். அந்த விருந்தினர் இன்னும் அங்கேதான் நிற்கிறார் என்றால், நாளைக்குக் காலையில் 'பொத்துவிலிங் முடிந்ததா?' என்று கேட்பார். 'நொட் யெட், ஐம் கொனா பொத்துவில் அகெய்ன் டுமோரோ' என்று சொல்லிப் பாருங்கள்.