சுற்றுலாப் பேருந்து ஓட்டுநராக இருப்பது ஊர் சுற்றிக்கொண்டே சம்பாதிக்கும் வேலையா?

நீங்கள் இரண்டு கேள்விகளைச் சேர்த்துக் கேட்டிருக்கிறீர்கள். சுற்றுலாப் பேருந்து ஓட்டுநருக்கு ஊர் பார்க்கும் வாய்ப்பு இலவசமாகக் கிடைக்கிறதே, அது இன்பமான வேலைதானா என்பது ஒன்று. லாரி ஓட்டிப் பழகியவர் அதற்கு மாறலாமா என்பது மற்றொன்று. சரக்கு லாரியில் தொடங்கிப் பிறகு சுற்றுலாப் பேருந்தில் பல ஆண்டுகள் இருந்தவன் என்ற முறையில் இரண்டுக்கும் சேர்த்தே பதில் எழுதுகிறேன்.

ஊர் பார்ப்பதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. என் பயணிகள் பார்த்த இடங்களில் பெரும்பாலானவற்றின் வாகன நிறுத்துமிடத்தைத்தான் நான் பார்த்திருக்கிறேன். அவர்கள் உள்ளே சென்று திரும்பும் இரண்டு மணி நேரத்துக்குள் வண்டியைக் கூட்ட வேண்டும், முன்கண்ணாடியைத் துடைக்க வேண்டும், டயர்களைப் பார்க்க வேண்டும், அடுத்த வழியை விசாரித்து வைக்க வேண்டும். மீதி நேரம் இருந்தால் கண்ணயர வேண்டும். கழிப்பறை எங்கே சுத்தமாக இருக்கும், நிழல் எந்தப் பக்கம் விழும், எந்த வாசலில் பெரிய வண்டி திரும்பாது என்பவைதான் ஓர் ஊரைப் பற்றி எனக்குத் தெரிந்த செய்திகள்.

லாரியிலிருந்து வருபவர் முதலில் உணர்வது சுமையின் வேறுபாட்டை. 12 மீட்டர் நீளமுள்ள பேருந்து ஆள்களும் பெட்டிகளுமாக நிறைந்த பின் ஏறத்தாழ 16 டன் எடையாவது இருக்கும். லாரிக்காரருக்கு அது பெரிய எடையே இல்லை. ஆனால் இந்தச் சுமை தூங்கும், எழுந்து நடக்கும், வாந்தி எடுக்கும், பின்னாலிருந்து உங்கள் ஓட்டத்தைப் பற்றி உரக்கக் கருத்துச் சொல்லும். சரக்கு அசையாமலிருக்கக் கட்டுக் கயிறு போதும். மனிதர்களை அசையாமல் கொண்டு செல்வதற்கு ஓட்டுநரின் வலது காலைத் தவிர வேறு கருவி கிடையாது. மிதியை மெல்ல அழுத்தி வேகத்தைக் குறைத்து, சக்கரம் நிற்கும் கடைசி நொடியில் பிடியைச் சற்றே தளர்த்தினால், முன்னால் தள்ளிப் பின்னால் இழுக்கும் அந்தக் குலுக்கல் இருக்காது. இதை ஒருவர் சொல்லித் தெரிந்துகொள்ள ஐந்து நிமிடம் போதும். கால் பழகுவதற்கு மாதக்கணக்கில் ஆகும்.

பயணக் குமட்டலும் பெரும்பாலும் ஓட்டுநர் கையில்தான் இருக்கிறது. காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு ‘நகர்கிறோம்’ என்கிறது, கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருக்கும் கண் ‘நகரவில்லை’ என்கிறது. இந்த முரண்பாட்டில்தான் வயிறு புரளுகிறது. ஏறத்தாழ 5 நொடிக்கு ஒரு முறை வந்துபோகும் மெதுவான ஆட்டமே மிக அதிகமாகக் குமட்டுகிறது என்பது ஆய்வுகளில் நிறுவப்பட்ட செய்தி. வளைவுக்குள் வேகமாக நுழைந்து உள்ளே போனபின் பிரேக் பிடிப்பவர் இந்த ஆட்டத்தை ஒவ்வொரு திருப்பத்திலும் பெரிதாக்குகிறார். முன்கூட்டியே வேகத்தைக் குறைத்து ஒரே சீராகத் திருப்புபவரின் வண்டியில் பைகள் குறைவாகவே தேவைப்படும். குமட்டல் வரும் என்று தெரிந்தவர்களைப் பின்வரிசையில் உட்கார விடாமல், பின்சக்கரத்துக்கு முன்னால் அமர்த்தி, தொலைவிலுள்ள சாலையைப் பார்க்கச் சொல்வது என் வழக்கம்.

மலையிறக்கத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த வேலையின் உண்மையான ஆபத்து அங்கேதான் இருக்கிறது. 16 டன் எடையுள்ள வண்டி 500 மீட்டர் உயரத்திலிருந்து இறங்கும்போது, காற்றுத் தடை முதலியவற்றைக் கழிப்பதற்கு முன், ஏறத்தாழ 22 கிலோவாட் மணி ஆற்றலை எங்காவது இறக்கி வைத்தாக வேண்டும்; ஆயிரம் வாட் அடுப்பு ஒன்று 22 மணி நேரம் எரிந்தால் வரும் வெப்பம் அது. இவ்வளவையும், சக்கரத்தோடு சுழலும் டிரம்மை உள்ளிருந்து அழுத்தித் தேய்க்கும் பிரேக் லைனிங்கில் ஏற்றினால், சூடேறிய டிரம் விரிந்து விலக, லைனிங்கின் உராய்வும் குறைய, மிதியை எவ்வளவு அழுத்தினாலும் வண்டி நிற்காது. மிதியை மீண்டும் மீண்டும் தட்டுபவர் பிரேக்கை இயக்குவதற்காக டேங்கில் உள்ள அழுத்தக் காற்றையும் தீர்த்துவிடுகிறார். அதனால்தான் இறக்கம் தொடங்குவதற்கு முன்பே, மேட்டில் ஏறுவதற்கு எந்த கியர் தேவைப்படுமோ அதற்கோ அதைவிடத் தாழ்ந்த கியருக்கோ மாற்றி, எஞ்சினின் புகை வழியை அடைத்து வேகத்தைக் குறைக்கும் எக்ஸாஸ்ட் பிரேக்கையோ, லைனிங்கைத் தேய்க்காமலே வேகத்தைக் குறைக்கும் ரிடார்டரையோ வேலை செய்ய விட்டு, கால் பிரேக்கை அவசரத்துக்கென்று குளிர்ச்சியாக வைத்திருக்க வேண்டும். டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் உருட்டுபவர்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்களோடு ஒரே வண்டியில் போக மறுத்தும் இருக்கிறேன்.

திருப்பங்களில் வேறொரு பழக்கம் வேண்டும். பேருந்தில் ஓட்டுநர் முன்சக்கரத்துக்கும் முன்னால் உட்கார்ந்திருப்பதால், தாம் முனையைக் கடந்துவிட்டதாகத் தோன்றிய பிறகும் காத்திருந்துதான் ஸ்டியரிங்கை ஒடிக்க வேண்டும். பின்சக்கரம் உள்வாங்கி வரும். பின்சக்கரத்துக்கு அப்பால் நீண்டிருக்கும் வால்பகுதியோ எதிர்ப்பக்கம் வீசும். வாகன நிறுத்துமிடத்தில் படம் எடுத்துக்கொண்டு வண்டியை ஒட்டி நிற்பவர்களுக்கு இது தெரியாது, ஆகவே ஆள் இறங்கி நின்று காட்டாமல் நான் பின்னோக்கி எடுப்பதில்லை.

பயணிகளைப் பற்றிக் கேட்டால், முன்வரிசை இருக்கைக்கு நடக்கும் சண்டைதான் முதலில் நினைவுக்கு வருகிறது. தினமும் இருக்கைகளைச் சுழற்சி முறையில் மாற்றும் வழிகாட்டியோடு போனால் அந்தப் பயணம் அமைதியாக இருக்கும். ‘முதலில் வந்தவருக்கு முதல் இருக்கை’ என்று விட்டுவிட்டால் மூன்றாம் நாள் யாரும் யாரோடும் பேசமாட்டார்கள். தலை எண்ணாமல் வண்டியை எடுக்கக் கூடாது என்பதும், ‘எல்லோரும் வந்துவிட்டோம்’ என்று பின்னாலிருந்து வரும் குரலை நம்பக் கூடாது என்பதும் அனைவரும் அறிந்த பாடம். பெரும்பாலானவர்கள் நல்லவர்கள். அரை மணி நேரம் தாமதமாக வந்து, அடுத்த இடத்துக்கு நேரத்துக்குப் போகவில்லையே என்று கோபிப்பவர்களும் அந்த நல்லவர்களுக்குள்ளேயே இருப்பார்கள்.

அந்த அரை மணி நேரத்தை வேகத்தால் ஈடுசெய்யச் சொல்வதுதான் எனக்கு எப்போதும் உடன்பாடில்லாதது. மணிக்கு 40 கிலோமீட்டரில் செல்லும் வண்டியை நிறுத்தத் தேவைப்படுவதைப் போல நான்கு மடங்கு ஆற்றலை, 80 கிலோமீட்டரில் செல்லும்போது பிரேக் விழுங்க வேண்டும். பயண நிரலைத் தயாரிப்பவர் வரைபடத்தில் தூரத்தைச் சராசரி வேகத்தால் வகுத்துவிடுகிறார். பெட்டி ஏற்றுவதும், கழிப்பறைக்கு நிறுத்துவதும், தொலைந்த செருப்பைத் தேடுவதும் அந்தக் கணக்கில் வருவதில்லை. பயணிகள் ஊர் சுற்றும் நேரம் ஓட்டுநருக்கு ஓய்வு என்று எழுதி வைப்பது இன்னொரு பிழை. ஐரோப்பிய ஒன்றியத்தின் விதி நான்கரை மணி நேர ஓட்டத்துக்கு 45 நிமிட இடைவேளை வேண்டும் என்கிறது. ஒரு நாளின் ஓட்டத்தைப் பொதுவாக 9 மணி நேரத்தோடு நிறுத்துகிறது. ஓட்டிய நேரத்தை வண்டியில் பொருத்திய டாக்கோகிராஃப் என்ற கருவி பதிவு செய்துகொண்டே வரும். விதி எதுவாயினும், பின்னிரவு 2 மணியிலிருந்து விடியும் வரையிலும், பிற்பகலில் சற்று நேரமும் உடம்பு தூங்கவே விரும்பும். பின்னால் அத்தனை பேரும் உறங்கிக்கொண்டிருக்கும்போது சன்னலைத் திறப்பதும் பாட்டுப் போடுவதும் சில நிமிடங்களுக்கு மேல் உதவுவதில்லை; பாதுகாப்பான இடத்தில் ஓரம் கட்டி, காபி குடித்துவிட்டு 20 நிமிடம் தூங்குவது உதவும், ஏனென்றால் காபி வேலை செய்யத் தொடங்கும் நேரத்தில் விழித்துவிடலாம். அதுவும் தற்காலிகம்தான், இரவுத் தூக்கத்துக்கு அது மாற்றாகாது.

ஆகவே, லாரி ஓட்டுபவர் இந்த வேலைக்கு வரலாமா என்றால், மனிதர்களின் இரைச்சலைப் பொறுக்க முடியுமானால் தாராளமாக வரலாம். வாகனம் ஓட்டும் திறமை அவரிடம் ஏற்கெனவே இருக்கிறது. சேர்வதற்கு முன் சம்பளத்தோடு மூன்றையும் கேட்டுக்கொள்ளுங்கள்: இரவு ஓட்டத்துக்கு இரண்டாவது ஓட்டுநர் வருவாரா, காத்திருக்கும் நேரத்துக்குக் கூலி உண்டா, தங்கும் ஊரில் உங்களுக்குப் படுக்கை எங்கே. மூன்றாவது கேள்விக்கு ‘வண்டியிலேயே படுத்துக்கொள்ளலாம்’ என்று பதில் வந்தால், நீட்டிப் படுக்கத் தனி இடம் அந்த வண்டியில் இருக்கிறதா, எஞ்சினை அணைத்த பிறகு அங்கே காற்று வருமா என்று நேரில் ஏறிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.