அயர்லாந்தில் படிக்கப் போகிறவர்கள் அந்த ஊர்ச் சாப்பாட்டை எதிலிருந்து ஆரம்பிக்கலாம்? விடுதிச் சமையலறையில் எதைச் செய்ய முடியும்?

சோடா பிரெட்டில் ஆரம்பியுங்கள். ஈஸ்டுக்குப் பதில் சமையல் சோடா போட்டுச் செய்யும் ரொட்டி அது. மாவு புளிக்கக் காத்திருக்க வேண்டாம். அயர்லாந்துச் சமையலில் மசாலா குறைவு. ருசியெல்லாம் மாவு, மோர், வெண்ணெய், உருளைக்கிழங்கின் தரத்தில்தான் இருக்கிறது. சோடா பிரெட்டின் முதல் துண்டிலேயே அது தெரிந்துவிடும்.

கோதுமை மாவு 225 கிராம், மைதா 225 கிராம், உப்பு ஒரு டீஸ்பூன், சோடா தலைதட்டி ஒரு டீஸ்பூன், மோர் 350 முதல் 400 மில்லி. கடையில் மைதா 'கிரீம் ஃப்ளவர்' என்ற பெயரில் இருக்கும். அதில் கிரீம் எதுவும் கிடையாது. 'ஸ்ட்ராங்' என்று போட்டது ஈஸ்ட் ரொட்டிக்கானது, எடுக்காதீர்கள். 'பிரெட் சோடா' நம் ஆப்ப சோடாதான். அட்டைப்பெட்டியில் வரும் 'பட்டர்மில்க்' நம் நீர்மோர் மாதிரி இருக்காது. கெட்டியாக, புளிப்பாக இருக்கும். கிடைக்காவிட்டால் தயிரில் கொஞ்சம் பால் விட்டுக் கலக்கிக்கொள்ளலாம்.

சோடாவைக் கட்டியில்லாமல் சலித்துப் போடுங்கள். மோரை ஊற்றி, விரல்களை அகட்டி வைத்து இரண்டு சுற்று சுற்றினால் போதும். சப்பாத்தி மாவு பிசைந்து பழகிய கை இங்கேதான் தப்பு செய்யும்: பிசையப் பிசைய ரொட்டி கல்லாகிவிடும். உருட்டித் தட்டி, கத்தியால் ஆழமாகச் சிலுவைக் கீறல் போட்டு உடனே ஓவனில் வையுங்கள். மோர் பட்டதுமே சோடா பொங்க ஆரம்பித்துவிடும். தாமதித்தால் அந்தக் காற்று வீண். 230 டிகிரியில் 15 நிமிடம், பிறகு 200-இல் 25 முதல் 30 நிமிடம். விசிறி ஓடும் ஓவன் என்றால் 20 டிகிரி குறையுங்கள். அடியில் தட்டிப் பார்த்தால் வெற்றுப் பானை மாதிரிச் சத்தம் வரவேண்டும். சோப்பு வாடையும் மஞ்சள் புள்ளிகளும் தெரிந்தால் சோடா அதிகம், இல்லையென்றால் சரியாகக் கலக்கவில்லை.

ஓவன் இல்லையா? வட அயர்லாந்தில் இதே மாவை (மைதா மட்டும் போட்டு) இரண்டு செ.மீ. கனத்துக்குத் தட்டி, நான்காக வெட்டி, எண்ணெய் விடாமல் கல்லில் சுடுவார்கள். 'ஃபார்ல்' என்று பெயர். தோசைக்கல் போதும்: சிறு தீ, பக்கத்துக்கு எட்டு நிமிடம். தீ கூடினால் வெளியே கருகும், உள்ளே பச்சை மாவு.

அடுத்தது கொல்கானன், கீரை சேர்த்த உருளைக்கிழங்கு மசியல். சிவப்புத் தோல் 'ரூஸ்டர்' கிழங்கு ஒரு கிலோ, கேல் கீரை 250 கிராம், வெண்ணெய் 100 கிராம், பால் 150 மில்லி, வெங்காயத்தாள். வெந்த கிழங்கை வடித்து, அதே பாத்திரத்தில் இரண்டு நிமிடம் சூட்டில் ஈரம் வற்ற விட்டு, மத்தால் மசியுங்கள். மிக்ஸியில் போட்டால் பசை. பால் சூடாக இருக்கட்டும். கீரையை வேகவைத்து நன்றாகப் பிழிந்து, நறுக்கிய வெங்காயத்தாளோடு சேருங்கள். நடுவில் குழி பண்ணி வெண்ணெய் வைத்து, ஓரத்திலிருந்து எடுத்துத் தொட்டுச் சாப்பிட வேண்டும்.

கடையில் வாங்கும்போது சில விஷயம். 'புட்டிங்' என்றதும் இனிப்பு என்று நினைக்காதீர்கள், இங்கே அது ஒரு வகை சாசேஜ். பிளாக் புட்டிங்கில் பன்றி ரத்தம் இருக்கும். வொயிட் புட்டிங்கில் ரத்தம் இல்லை, பன்றி இறைச்சி உண்டு. வெறும் 'சாசேஜ்' என்றாலே பெரும்பாலும் பன்றிதான். சீஸ் பஃப் போலத் தெரியும் 'ஜாம்போன்' உள்ளே ஹாம் இருக்கும். சைவர்கள் பலர் ஏமாறுவது இதில்தான். காய்கறி சூப்பும் கோழிச் சாற்றில் செய்திருக்கலாம், கேட்டுக்கொள்ளுங்கள். சிக்கன் ஃபில்லட் ரோல் (நீள ரொட்டிக்குள் பொரித்த கோழி) கேட்டால் 'பிளெயினா, ஸ்பைசியா' என்பார்கள். ஸ்பைசி என்றே சொல்லுங்கள், நம் நாக்குக்கு அது காரமே இல்லை.

அக்டோபரில் போனால், ஹாலோவீன் சமயத்துக் கடைகளில் 'பார்ம்பிராக்' என்ற உலர்திராட்சை ரொட்டி வரும். மெல்லிசாக வெட்டி வெண்ணெய் தடவி, திடமான பால் டீயோடு சாப்பிடுங்கள். மெதுவாகக் கடியுங்கள்: உள்ளே மோதிரம் ஒன்று வைத்திருப்பார்கள்.