கையெழுத்துப் போடும் முன் ஜீவனாம்சக் கணக்கைப் பாருங்கள்

கேள்வி: திருமணமாகிப் பதினான்கு வருடம். இரண்டாவது குழந்தை பிறந்ததும் வேலையை விட்டேன். எட்டு மாதமாகப் பிள்ளைகளோடு தனியாக இருக்கிறேன், விவாகரத்து வழக்கு இன்னும் போடவில்லை. பிள்ளைகளுக்கு மட்டும் பணம் அனுப்புகிறார். எனக்குக் கேட்டால், "வீட்டை விட்டுப் போனது நீதானே, உனக்கு ஒன்றும் கிடையாது" என்கிறார். ஜீவனாம்சம் கேட்க எனக்கு உரிமை உண்டா? கேட்டால் பேராசைக்காரி என்பார்களோ என்று பயமாகவும் இருக்கிறது.

பதில்: உங்கள் கடைசி வரியிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் இந்தப் பயத்தால்தான் பலர் எதுவும் கேட்காமலே கையெழுத்துப் போட்டுவிட்டு வந்துவிடுகிறார்கள். நீங்கள் வேலையை விட்டது உங்கள் இருவரின் குடும்பத்துக்காக. பிள்ளைகளை நீங்கள் பார்த்துக்கொண்டதால் அவர் கவலையில்லாமல் வேலைக்குப் போனார், அவருக்குச் சம்பளமும் அனுபவமும் கூடின, அதே வருடங்களில் உங்களுடைய அனுபவம் அப்படியே நின்றுபோனது. இந்த இடைவெளியை ஓரளவாவது ஈடுசெய்யத்தான் ஜீவனாம்சம் இருக்கிறது. இதில் பேராசை எங்கே வந்தது?

உரிமை உண்டா என்றால், பெரும்பாலான நாடுகளில் உண்டு, விவாகரத்து முடியும்வரை காத்திருக்கவும் வேண்டாம். பிரிந்து வாழும்போதே கேட்கலாம், வழக்கு நடக்கும்போது இடைக்கால ஜீவனாம்சம் தனியாகக் கேட்கலாம். "வீட்டை விட்டுப் போனது நீ" என்ற பேச்சுக்கு எவ்வளவு எடை என்பது மட்டும் நாட்டுக்கு நாடு மாறும். கனடாவின் விவாகரத்துச் சட்டம் ஜீவனாம்சம் முடிவு செய்யும்போது யார் மீது தப்பு என்பதைப் பார்க்கக் கூடாது என்றே சொல்கிறது. இந்தியாவில், தகுந்த காரணமில்லாமல் கணவனோடு வாழ மறுத்தால் மனைவியின் கோரிக்கை அடிபடலாம், அதனால் ஏன் வெளியே வந்தீர்கள் என்பதற்கான மருத்துவச் சீட்டு, குறுஞ்செய்தி, சாட்சி எதுவானாலும் பத்திரமாக வைத்திருங்கள்.

பிள்ளைகளுக்கு அனுப்பும் பணம் பிள்ளைகளுடையது. உங்களுக்கான ஜீவனாம்சம் வேறு, சொத்தில் பங்கு வேறு. மூன்றையும் ஒரே மூட்டையாகக் கட்டி "எல்லாம் சேர்த்து இவ்வளவு" என்று யாராவது நீட்டினால், தனித்தனியாகப் பிரித்து எழுதித் தரச் சொல்லுங்கள்.

எவ்வளவு கிடைக்கும்? எல்லோருக்கும் பொருந்தும் ஒரு தொகை கிடையாது. எத்தனை வருடம் சேர்ந்து வாழ்ந்தீர்கள், இருவரின் வயது, உடல்நிலை, வருமானம், பிள்ளைகள் யாரிடம், சேர்ந்திருந்தபோது எப்படி வாழ்ந்தீர்கள், இதையெல்லாம் பார்ப்பார்கள். சில இடங்களில் சூத்திரம் வைத்திருக்கிறார்கள். கனடாவில் 2008-இல் இறுதி வடிவம் பெற்ற வழிகாட்டி ஒன்று, பராமரிக்க வேண்டிய பிள்ளைகள் இல்லாத தம்பதிக்கு, இருவரின் வருமான வித்தியாசத்தில், சேர்ந்து வாழ்ந்த ஒவ்வொரு வருடத்துக்கும் 1.5 முதல் 2 சதவீதம் என்று கணக்கிடுகிறது. பத்து வருடத் திருமணம், ஆண்டு வருமான வித்தியாசம் 40,000 என்றால் வருடத்துக்கு 6,000 முதல் 8,000 வரை வரும். பிள்ளைகள் இருந்தால் கணக்கு வேறு. அங்கேயும் அது வழிகாட்டிதான், சட்டம் இல்லை.

நீங்கள் படித்தவர், வேலைக்குப் போகலாமே என்று எதிர்த்தரப்பு கட்டாயம் கேட்கும். சம்பாதிக்கும் தகுதி இருப்பதும் உண்மையில் சம்பாதிப்பதும் ஒன்றல்ல என்று இந்திய உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. வேலை தேடிக்கொண்டிருந்தால் விண்ணப்பங்களின் நகலை வைத்துக்கொள்ளுங்கள், அதுவே நல்ல பதில்.

இப்போது செய்ய வேண்டியது: கையில் கிடைக்கும் வங்கிக் கணக்கு அறிக்கை, சம்பளச் சீட்டு, வருமான வரித் தாக்கல், கடன் விவரம் எல்லாவற்றையும் நகல் எடுங்கள், மாதச் செலவை எழுத ஆரம்பியுங்கள். அப்புறம், தாமதிக்காதீர்கள். இந்திய உச்ச நீதிமன்றம் 2020-இல் கொடுத்த தீர்ப்பின்படி இரு தரப்பும் சொத்து, கடன் விவரத்தைப் பிரமாணப் பத்திரமாகத் தர வேண்டும், ஜீவனாம்சம் மனு போட்ட நாளிலிருந்து கணக்கிடப்படும். அதாவது மனு போடாத மாதத்துக்குக் கணக்கே இல்லை. எட்டு மாதம் ஏற்கெனவே போய்விட்டது.

"மொத்தமாக ஒரு தொகை வாங்கிக்கொள், பிறகு எதுவும் கேட்காதே" என்று பேச்சு வந்தால், உங்களுக்கென்று ஒரு வழக்கறிஞர் படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். மாதத் தொகையைப் பின்னால் கூட்டவோ குறைக்கவோ கேட்கலாம், மறுமணம் செய்தால் பல இடங்களில் அது நின்றுவிடும். மொத்தத் தொகையைப் பொதுவாகத் திரும்பத் திறக்க முடியாது.

கேள்வி: என் மனைவி என்னைவிட மூன்று மடங்கு சம்பாதிக்கிறார். உடல்நிலை காரணமாக நான் வேலையில் இல்லை. ஆண் ஜீவனாம்சம் கேட்கலாமா?

பதில்: கேட்கலாம். இந்து திருமணச் சட்டம், 1955-இன் 24, 25 பிரிவுகள் கணவன், மனைவி யாரும் கேட்கலாம் என்றே சொல்கின்றன. அமெரிக்காவில் கணவன் மட்டுமே கொடுக்க வேண்டும் என்றிருந்த அலபாமா மாநிலச் சட்டத்தை உச்ச நீதிமன்றம் 1979-இலேயே ரத்து செய்தது. ஆனால் உங்கள் உடல்நிலையால் வேலை செய்ய முடியவில்லை என்பதை மருத்துவச் சான்றோடு காட்ட வேண்டியிருக்கும்.

கேள்வி: முன்னாள் மனைவிக்கு மாதாமாதம் கொடுத்துவந்தேன். வேலை போய்விட்டதால் மூன்று மாதமாக நிறுத்திவிட்டேன். தப்பா?

பதில்: வேலை போனது உங்கள் தப்பு இல்லை, நீங்களாகவே நிறுத்தியதுதான் தப்பு. நீதிமன்றம் மாற்றாதவரை பழைய உத்தரவு அப்படியே உயிரோடு இருக்கிறது, கொடுக்காத ஒவ்வொரு மாதமும் நிலுவையாகச் சேர்கிறது, சொத்தை ஜப்தி செய்வது முதல் சிறை வரை போகும் இடங்களும் உண்டு. அவரும் அந்தப் பணத்தை நம்பித்தான் வாடகையும் சாப்பாடும் என்று திட்டம் போட்டிருப்பார், அதையும் நினைத்துப் பாருங்கள். வேலை நீக்கக் கடிதத்தோடு தொகையைக் குறைக்கக் கேட்டு இந்த வாரமே மனு போடுங்கள். அதுவரை முடிந்ததை வங்கி வழியாகவே அனுப்புங்கள், கையில் கொடுத்ததைப் பின்னால் நிரூபிக்க முடியாமல் திண்டாடுவீர்கள்.