பசுவின் வாலைப் பிடித்து ஆற்றைக் கடந்தவன்: தாமஸ் பியூயிக் பற்றிச் சில கேள்விகள்

தாமஸ் பியூயிக் (1753–1828) இங்கிலாந்தின் வடகோடியில், நியூகாசில் நகரத்தில் பட்டறை வைத்திருந்தவர். மரக்கட்டையில் படம் செதுக்கிப் புத்தகங்களுக்குப் போட்டவர். நானும் பல வருடமாகக் கட்டையும் உளியுமாகக் கிடப்பவன் என்பதால் அவரைப் பற்றிய கேள்விகளை என் பக்கம் தள்ளிவிட்டார்கள். தெரிந்ததைச் சொல்கிறேன்.

கேள்வி: சார், வுட்கட், வுட் எங்கிரேவிங் என்று இரண்டு பெயர் சொல்கிறார்களே. இரண்டும் மரத்தில் வெட்டுவதுதானே?

மரம் ஒன்றுதான், அறுக்கிற திசை வேறு. வுட்கட்டுக்கு மரத்தை நெடுக்கில் பலகையாக அறுப்பார்கள். அதில் நார் ஒரே பக்கமாக ஓடும். கத்தியை நாருக்குக் குறுக்கே இழுத்தால் பிய்யும், அதனால் கோடு தடிமனாகத்தான் வரும். எங்கிரேவிங்குக்கு மரத்தைக் குறுக்கே, வளையம் தெரிகிற மாதிரி அறுப்பார்கள். நாரின் நுனிகள் மட்டும் மேலே பார்த்து நிற்கும். எந்தத் திசையிலும் உளி வழுக்கிக்கொண்டு போகும், தலைமுடி அளவுக்குக் கோடு போடலாம். இதற்கு ஏற்ற மரம் பாக்ஸ்வுட். மெதுவாக வளர்கிற மரம், இழை அவ்வளவு நெருக்கம். ஆனால் அடிமரம் ஒல்லி, அதனால் கட்டைகளும் சிறியவைதான்.

வேலை செய்வதைப் பக்கத்திலிருந்து பார்த்தால் வேடிக்கையாக இருக்கும். தோல் பைக்குள் மணலை அடைத்து அதன் மேல் கட்டையை வைப்போம். வலது கை உளியை முன்னே தள்ளும், அவ்வளவுதான் அதன் வேலை. வளைவு வேண்டுமென்றால் இடது கை கட்டையைச் சுழற்ற வேண்டும். அப்புறம், உளி பட்ட இடத்தில் மை ஒட்டாது, வெள்ளையாக வரும். ஆக, கறுப்பில் தொடங்கிக் கொஞ்சம் கொஞ்சமாக வெளிச்சத்தைக் கொண்டுவருகிறீர்கள். காகிதத்தில் பென்சில் பிடித்துப் பழகியவருக்கு இது தலைகீழ்ப் பாடம். பியூயிக்கின் பலமே அந்த வெள்ளைக் கோடுதான். ஒரு இறகின் நுனியை நாலைந்து கீறலில் முடித்துவிடுவார்.

கேள்வி: அப்படியானால் இந்த முறையைக் கண்டுபிடித்தவர் அவரா?

இல்லை. அவருக்கு முன்னாலேயே இப்படிக் கட்டை வெட்டியவர்கள் இருந்தார்கள். ஆனால் மலிவான வேலை என்று ஒதுக்கப்பட்டிருந்ததை யாரும் மதிக்கும் கலையாக்கியது அவர்.

கேள்வி: எந்த ஓவியப் பள்ளியில் படித்தார்?

பள்ளியாவது ஒன்றாவது! அப்பா மிக்லி என்ற கிராமத்தில் கொஞ்சம் நிலமும் ஒரு சின்ன நிலக்கரிச் சுரங்கமும் குத்தகைக்கு எடுத்து நடத்தியவர். பையன் பாடநோட்டின் ஓரமெல்லாம் படம் போடுவான். காகிதம் தீர்ந்தால் கல்லறைக் கற்கள், தேவாலய முகப்புத் தரை, வீட்டு அடுப்பங்கல் என்று சாக்கட்டியால் வரைவான்.

14 வயதில், 1767இல், ரால்ஃப் பீல்பி என்ற செதுக்காளரிடம் ஏழு வருடப் பயிற்சிக்குச் சேர்த்துவிட்டார்கள். அங்கே வேலை பெரும்பாலும் உலோகத்தில். வெள்ளிப் பாத்திரத்தில் பெயர் பொறிப்பது, முத்திரை, கடிகார முகம், சவப்பெட்டித் தகடு. கட்டை வேலை பீல்பிக்குப் பிடிக்காது. அதனால் ஒரு அளவியல் புத்தகத்துக்கு வடிவியல் படங்கள் வெட்டித் தரும் வேலை வந்தபோது பையன் தலையில் கட்டிவிட்டார். சார்லஸ் ஹட்டன் எழுதிய புத்தகம் அது. முக்கோணமும் வட்டமும் பிசகில்லாமல் வெட்டியதில்தான் பியூயிக்கின் கை திருந்தியது என்பது என் கட்சி. பிற்பாடு ஒரு வேட்டைக்காரனும் கிழட்டு நாயும் உள்ள படத்துக்குக் கலைச் சங்கம் ஏழு கினி (அந்தக் காலத்துப் பொற்காசு) பரிசு தந்தது. பதக்கம் வேண்டாம், பணமாகவே கொடுங்கள் என்று வாங்கி அம்மா கையில் கொடுத்தார்.

கேள்வி: லண்டன் போகாமலா இவ்வளவு பெயர் எடுத்தார்?

போனார். 1776 அக்டோபரில் போய், அடுத்த வருடமே திரும்பிவிட்டார். வேலை கிடைக்காமல் இல்லை, ஊர்தான் பிடிக்கவில்லை. லண்டனில் இருப்பதைவிட மிக்லி மேட்டில் ஆடு மேய்ப்பேன் என்கிற அர்த்தத்தில் எழுதியே வைத்திருக்கிறார். திரும்பி வந்து பழைய முதலாளி பீல்பியோடு கூட்டுச் சேர்ந்தார். அப்பா அம்மா இருந்தவரை வாராவாரம் பத்து மைலுக்கு மேல் நடந்துபோய்ப் பார்த்துவிட்டு வருவார். ஆற்றங்கரை, பனி, வேலி, மழையில் நனைந்த பிச்சைக்காரன் எல்லாம் அந்த நடையில் சேர்த்த சரக்கு.

கேள்வி: பறவைப் புத்தகத்தின் உரையும் அவர் எழுதியதா?

பாதி அவருடையது. முதலில் 1790இல் விலங்குகள் பற்றிய புத்தகம் வந்தது, நன்றாக விற்றது. பிறகு பிரிட்டிஷ் பறவைகள், இரண்டு பாகம்: 1797இல் நிலப்பறவைகள், 1804இல் நீர்ப்பறவைகள். முதல் பாகத்தின் உரை பெரும்பாலும் பீல்பி எழுதியது. தலைப்புப் பக்கத்தில் ஆசிரியர் என்று தன் பெயரைப் போட பீல்பி ஆசைப்பட, பியூயிக் முரண்டுபிடிக்க, கடைசியில் செதுக்கியவர் பியூயிக் என்று மட்டும் அச்சானது. கூட்டும் அந்த வருடமே முறிந்தது. இரண்டாம் பாகத்தைப் பியூயிக்கே எழுதினார். இந்தச் சண்டையில் எனக்குப் பீல்பி மீது கொஞ்சம் பரிதாபம் உண்டு. எழுதியவர் பெயர் கேட்பது தப்பா?

படங்களுக்காக 1791இல் விக்ளிஃப் என்ற ஊரில் பாடம்செய்து வைத்த பறவைகளைப் பார்த்து வரைந்தார். திருப்தியில்லை. பஞ்சடைத்த பறவை நிற்கிற நிற்பே வேறு. உயிரோடு இருப்பதையோ அப்போதுதான் சுட்டதையோ பார்த்துத்தான் செய்வேன் என்று மாறினார்.

கேள்வி: பறவைகளைவிடப் பக்கத்தின் அடியில் வரும் குட்டிப் படங்கள் பிடித்திருக்கின்றன. அவற்றுக்கும் உரைக்கும் சம்பந்தம் உண்டா?

இருக்காது. ஒரு பறவையைப் பற்றிய உரை முடிந்து பக்கத்தில் இடம் மிஞ்சினால் அங்கே ஒரு படம். டெயில்பீஸ் என்பார்கள். பாதி தீப்பெட்டி அளவில் ஒரு கதை. எனக்குப் பிடித்தது: பாலத்துக்குக் காசு கொடுக்க மனமில்லாத ஒருவன் பசுவின் வாலைப் பிடித்துக்கொண்டு ஆற்றைக் கடக்கிறான். காசு மிச்சம், தொப்பி ஆற்றோடு போகிறது. இன்னொன்றில் ஊர் எல்லையில் தூக்குமரம், மிகச் சிறியதாக, தூரத்தில். அழகான நாட்டுப்புறக் காட்சி என்று பார்த்துக்கொண்டே வந்தால் கண்ணில் குத்தும். ஒன்றில் தன் விரல் ரேகையையே ஒரு வீட்டுக்காட்சியின் மேல் அழுத்தினாற்போல் செதுக்கியிருக்கிறார். கொல்லைப்புறக் கழிப்பிடத்தில் ஒருவன் உட்கார்ந்திருக்கும் படமும் உண்டு. புத்தகம் வந்ததும் சிலர் முகம் சுளிக்க, மையால் அந்த இடத்தை மறைத்தார்கள். பிறகு படத்தில் அந்த இடத்தைக் குறுக்குப் பலகை மறைக்கிற மாதிரி கட்டையையே திருத்திவிட்டார்.

தூரத்துக் காட்சிகள் மங்கலாக வருவதற்கு ஒரு தந்திரம் உண்டு. அந்த இடத்தில் கட்டையின் பரப்பை லேசாகச் சுரண்டித் தாழ்த்திவிட்டுச் செதுக்குவார். அழுத்தம் அங்கே குறைவாக விழும், சாம்பலாக அச்சாகும்.

கேள்வி: மரக்கட்டை எத்தனை பிரதி தாங்கும்? செப்புத்தகடுதானே உறுதி?

அதுதான் எல்லோரும் ஏமாறுகிற இடம். செப்புத்தகட்டில் மை பள்ளத்தில் நிற்கும். ஒவ்வொரு முறையும் துடைத்துத் துடைத்துத் தேயும், தனி அச்சு இயந்திரம் வேண்டும், தனித்தாளில்தான் அச்சாகும். மரக்கட்டையோ ஈய எழுத்தின் உயரத்துக்கே இருக்கும். எழுத்தோடு சேர்த்து ஒரே சட்டத்தில் பூட்டி ஒரே இழுப்பில் அச்சடிக்கலாம். செய்தித்தாளுக்குச் செய்த ஒரு சின்னக் கட்டை 9 லட்சம் பிரதிக்கு மேல் அடித்ததாக அவரே தன் நினைவுக்குறிப்பில் எழுதியிருக்கிறார்.

ஆனால் மரம் மரம்தான். 1789இல் சில்லிங்ஹாம் என்ற ஊரின் காட்டுக்காளையைப் பெரிய கட்டையில் வெட்டினார். தன் வேலையிலேயே ஆகச் சிறந்தது அதுதான் என்று அவருக்கு எண்ணம். சில பிரதிகள் எடுத்ததும் கட்டை காய்ந்து பிளந்துவிட்டது. என் முதல் கட்டையும் ஜன்னலோர வெயிலில் பிளந்ததுதான். அன்று இந்தக் கதையை நினைத்து ஆறுதல் பட்டுக்கொண்டேன். அவருடைய காளை எங்கே, என்னுடைய கோணல் பூனை எங்கே!

கேள்வி: ஜேன் ஐர் நாவலின் தொடக்கத்தில் அந்தச் சிறுமி ஜன்னல் திரைக்குப் பின்னால் உட்கார்ந்து புரட்டுவது இவருடைய புத்தகம்தானா?

ஆமாம், பிரிட்டிஷ் பறவைகள்தான்.

கேள்வி: அவருக்குப் பிறகு இந்தத் தொழில் என்ன ஆயிற்று?

அவருடைய சீடர்கள், வில்லியம் ஹார்வி போன்றவர்கள், லண்டனுக்குப் போனார்கள். 1842இல் இல்லஸ்ட்ரேட்டட் லண்டன் நியூஸ் என்ற படப் பத்திரிகை தொடங்கியதும் கிராக்கி எகிறியது. பெரிய படம் என்றால் கட்டையைப் பல துண்டாகப் பிரித்து ஆளுக்கொன்றாகக் கொடுத்து, வெட்டிய பின் சேர்த்து முடுக்கி, இணைப்பில் கோடுகளைச் சரிசெய்வார்கள். வரைபவர் வேறு, வெட்டுபவர் வேறு என்று ஆனது. பியூயிக் இரண்டையும் தானே செய்தவர், அதனால் எனக்கு இந்தக் காலத்தின் மேல் கொஞ்சம் வருத்தம் உண்டு. வேலையின் நேர்த்தி அபாரம், அதை மறுக்கவில்லை. நூற்றாண்டின் கடைசியில் புள்ளிப்புள்ளியாகப் புகைப்படம் அச்சிடும் ஹாஃப்டோன் வந்து மொத்தத் தொழிலையும் முடித்துவைத்தது. வரைந்தவரே வெட்டும் வழக்கம் பிறகு உயிர்பெற்றது. 1920இல் இங்கிலாந்தில் மரச்செதுக்காளர் சங்கம் தொடங்கியவர்களில் சார்லஸ் டார்வினின் பேத்தி க்வென் ராவெராவும் ஒருவர்.

கேள்வி: அண்ணா, நான் இதையே தொழிலாக எடுக்கலாமா?

எடுக்கலாம், ஆனால் புத்தகப்படம் மட்டும் போட்டு வயிறு நிறைவது கஷ்டம். அச்சுப்படம் விற்பது, வகுப்பு எடுப்பது, புத்தகத்தின் உள்ளே ஒட்டுகிற, சொந்தக்காரர் பெயர் போட்ட சீட்டு செய்வது என்று சேர்த்துத்தான் ஓட்ட வேண்டும். பியூயிக் பட்டறையும் முத்திரையும் பெயர்ப்பலகையும் செய்துதான் ஓடியது, அதில் வெட்கம் ஒன்றுமில்லை. பாக்ஸ்வுட் விலை பயமுறுத்தினால் பிசினில் வார்த்த செயற்கைக் கட்டையில் பழகு. உளியைத் தீட்டக் கற்றுக்கொள்ள மட்டும் ஒரு மாதம் ஒதுக்கு. மொட்டை உளியோடு போராடித்தான் பாதிப் பேர் விட்டுவிட்டுப் போகிறார்கள்.

கேள்வி: கடைசியாக அவர் செய்த வேலை எது?

ஒரு கிழட்டுக் குதிரை. வேலைக்கு ஆகாது என்று கொட்டும் மழையில் விடப்பட்டு, எலும்பும் தோலுமாகத் தலையைத் தொங்கப்போட்டு நிற்கும். பெயர், சாவுக்குக் காத்திருத்தல். ஒன்றின்மேல் ஒன்றாகப் பல கட்டைகளை அச்சிட்டு, ஏழைகள் வீட்டுச் சுவரில் ஒட்டுகிற மாதிரி பெரிய படமாக்க நினைத்தார். முதல் கட்டையின் சோதனைப் பிரதியை இறப்பதற்குச் சில நாள் முன்புதான் பார்த்தார். 1828 நவம்பர் 8இல் காலமானார். மற்றக் கட்டைகளை வெட்டவில்லை. முடியாத அந்தப் படத்தை 1832இல் மகன் ராபர்ட் அப்படியே அச்சிட்டு வெளியிட்டார்.