ஆயுட்கால உரிமம்: யாருடைய ஆயுள்?

இந்த முறை வந்த கடிதங்களில் பாதி, லேப்டாப்பில் ஷூட்டிங் ஒலியைப் பதிவது பற்றி. வெளியூர்க் கம்பெனிகள் வந்து நம் செட்டிநாட்டு வீடுகளைப் படம் பிடித்தது போக, இப்போது நம் பிள்ளைகளே எடுக்கத் தொடங்கிவிட்டார்கள். சந்தோஷம்தான். வாங்கும்போது மட்டும் கொஞ்சம் நிதானம் இருக்கட்டும்.

கானாடுகாத்தானில் உறவினர் வீட்டில் முக்கால் மணி நேரப் படம் எடுக்கிறோம். டப்பிங் கிடையாது, நேரடி ஒலி. விண்டோஸ் லேப்டாப்பும் நாலு மைக் செருகும் இன்டர்ஃபேஸும் இருக்கின்றன. ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருள் போதுமா, காசு கொடுத்து வாங்க வேண்டுமா?
– வாசகர், பள்ளத்தூர்

பாட்டுப் பதிவது வேறு, படப்பிடிப்பில் பதிவது வேறு. ஷூட்டிங்கில் ஒரு நாளைக்கு எத்தனையோ டேக், ஒவ்வொன்றும் தனிக் கோப்பு. இரண்டு மாதம் கழித்து எடிட்டர் திறக்கும்போது, ‘நான் 14-ஆம் காட்சி, மூன்றாவது டேக், காலை 10.42-க்குப் பதிந்தது’ என்று அந்தக் கோப்பே சொல்ல வேண்டும். இதற்காகவே ஐரோப்பிய ஒலிபரப்பு ஒன்றியம் 1997-இல் பிராட்காஸ்ட் வேவ் என்ற வடிவத்தைக் கொண்டுவந்தது. சாதாரண வேவ் ஒலிக் கோப்புதான், உள்ளே ஒரு சீட்டு ஒட்டியிருக்கும். பதிந்த நேரம் அதில் இருக்கும்.

ஆடாசிட்டி இலவசம், நல்ல மென்பொருள். பேட்டி பதிய நானும் வைத்திருக்கிறேன். ஆனால் டைம்கோட், அதாவது படத்தோடு ஒலியைப் பொருத்த உதவும் நேர முத்திரை, அதன் வேலை இல்லை. பூம் ரெக்கார்டர் படப்பிடிப்புக்கென்றே எழுதியது, ஆனால் ஆப்பிள் மேக்கில் மட்டும் ஓடும், உங்களுக்கு ஆகாது. ஸ்டுடியோக்காரர்கள் வைத்திருக்கும் புரோ டூல்ஸின் இலவசப் பதிப்பில் 8 ஆடியோ டிராக் (ஒரு மைக்குக்கு ஒன்று) உண்டு. சென்னையில் மிக்ஸ் செய்பவர் அதைத்தான் கேட்கிறார் என்றால் யோசியுங்கள்.

நான் சொல்வது ரீப்பர் என்ற பதிவு மென்பொருள். 60 நாள் காசில்லாமல் முழுதாக ஓட்டிப் பார்க்கலாம். சொந்த உபயோகத்துக்கு வாங்கும் தனிநபருக்கும், ஆண்டு வருமானம் 20,000 டாலருக்குள் இருக்கும் சிறு தொழிலுக்கும் 60 டாலர். அதற்கு மேல் போனால் 225. பிராட்காஸ்ட் வேவ் நேர முத்திரையும் எழுதும், அமைப்பில் போய் அதைப் போட்டுவிட வேண்டும். காட்சி எண், டேக் எண்ணைக் கோப்பின் பெயரில் நீங்களே எழுதுங்கள். கூடவே ஒரு நோட்டுப் புத்தகத்திலும் எழுதுங்கள்.

48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் தரத்தில் ஒரு டிராக் ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 520 எம்.பி. பிடிக்கும். நாலு டிராக்குக்கு இரண்டு ஜி.பி.க்கு மேல். சாதாரண வேவ் கோப்பு 4 ஜி.பி.யைத் தாண்டாது. எனவே காலையில் பொத்தானை அழுத்தி மாலையில் நிறுத்துகிற பழக்கம் வேண்டாம்.

பணம் கட்டுமுன் ஒரு சோதனை. சார்ஜரைப் பிடுங்கிவிட்டு, நாலு மைக்கையும் போட்டு, ஒரு மணி நேரம் விடாமல் பதியுங்கள். வைஃபை, தானியங்கி அப்டேட் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு. ஒருமுறை ஓர் ஆச்சி தாலாட்டுப் பாடிக்கொண்டிருந்தபோது என் லேப்டாப் தானாக அணைந்து, அப்டேட் போட்டு, எழுந்தது. ஆச்சி இரண்டாம் முறை பாட மாட்டேன் என்றுவிட்டார்.

கிராக் (உரிமப் பூட்டை உடைத்த திருட்டுப் பிரதி) போட்டால் என்ன? எல்லோரும் அதைத்தானே வைத்திருக்கிறார்கள்?
– காரைக்குடி

வாங்கப் போவதில்லை என்றால் எனக்கு எதற்குக் கடிதம்?

வளவில் (வீட்டின் நடு முற்றத்தில்) வசனம் பதிந்தால் எதிரொலி தாங்கவில்லை. அதை நீக்க எந்த பிளக்இன் (மென்பொருளோடு சேரும் துணைக் கருவி) வாங்கலாம்?
– வாசகி, தேவகோட்டை

ஜமுக்காளம். குறைந்தது எட்டு வேண்டும். கீழே ஆத்தங்குடிக் கல், சுற்றிலும் பளபளவென்று சுண்ணாம்புச் சுவர், பர்மா தேக்குத் தூண்; ஒலி எங்கே போய் அடங்கும்? கேமராவில் படாத பக்கமெல்லாம் விரியுங்கள், தொங்கவிடுங்கள். அப்புறமும் மிச்சம் இருந்தால் பிளக்இன் பற்றிப் பேசலாம்.

‘இன்று இரவோடு தள்ளுபடி முடிகிறது’ என்று போட்டிருந்ததால் அவசரமாக ஒரு ரெக்கார்டிங் மென்பொருள் வாங்கிவிட்டேன். மேக்குக்கு மட்டும் என்று கீழே எழுதியிருந்ததைக் கவனிக்கவில்லை. என்னிடம் இருப்பது விண்டோஸ். பணம் திரும்ப வருமா?
– திருப்பத்தூர்

திங்கள் சந்தையில் கத்தரிக்காயைக் காம்பு பார்த்து, அழுத்திப் பார்த்துத்தான் வாங்குகிறோம். ஆயிரக்கணக்கில் கொடுக்கும்போது மட்டும் கண்ணை மூடிக்கொள்வானேன்? தகவல் எழுதியிருந்தது, நீங்கள் படிக்கவில்லை. சட்டம் இங்கே பெரிதாகக் கைகொடுக்காது. உரிம எண்ணை இன்னும் பயன்படுத்தவில்லை என்றால் இன்றே பணிவாக ஒரு மின்னஞ்சல் எழுதுங்கள். சில நிறுவனங்கள் இரக்கப்படும். அந்த இரவுத் தள்ளுபடி அடுத்த மாதமும் வரும், பாருங்கள்.

கல்யாண வீடுகளில் ஒலிப்பதிவு செய்து சேர்த்த 6,500 ரூபாயை, ஒரு குழுவில் அறிமுகமானவரிடம் கொடுத்து ஒரிஜினல் மென்பொருளின் ‘முழு உரிமம்’ வாங்கினேன். மூன்றே வாரத்தில் கணக்கு முடங்கியது. அதே கணக்கைப் பலருக்கு விற்றிருக்கிறார். அவர் எண்ணும் இப்போது இல்லை. வீட்டில் சொல்ல வெட்கமாக இருக்கிறது.
– மாணவர், காரைக்குடி

வெட்கப்பட வேண்டியவர் நீங்கள் இல்லை தம்பி. கிராக் போடாமல் காசு கொடுத்து வாங்க நினைத்தீர்கள். முதலில் வீட்டில் சொல்லிவிடுங்கள்.

இது பண மோசடி. உடனே சைபர் மோசடி உதவி எண் 1930-க்குக் கூப்பிடுங்கள், தேசிய சைபர் குற்றத் தளத்திலும் புகார் பதியுங்கள். பணம் போன கணக்கு எண், பரிவர்த்தனை எண், உரையாடலின் படங்கள், எதையும் அழித்துவிடாதீர்கள். வங்கிக்கும் எழுத்தில் கொடுங்கள். சீக்கிரம் சொன்னால்தான் பணம் கைமாறுமுன் தடுக்க வழியுண்டு. தாமதமாகிவிட்டது என்றாலும் புகார் கொடுங்கள், அதே ஆளிடம் ஏமாந்த மற்றவர்களுக்கு உதவும்.

இதே காரியத்தை ஒரு விற்பனைத் தளம் செய்திருந்தால் வழி வேறு. 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி தளத்தின் குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்தில் புகார் வந்ததை ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்தில் தீர்க்க வேண்டும். தீராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915, அதற்குப் பிறகு மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் ரூபாய் வரை வாங்கிய பொருளுக்குப் புகார்க் கட்டணம் இல்லை. இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும். ‘தொழிலுக்கு வாங்கினாய், நீ நுகர்வோரே இல்லை’ என்று யாராவது மிரட்டினால் நம்பாதீர்கள். சொந்தப் பிழைப்புக்காக வாங்கிச் சுயதொழில் செய்பவரும் சட்டப்படி நுகர்வோர்தான்.

மாதச் சந்தா கட்டுவதா, ‘ஆயுட்கால உரிமம்’ என்று விற்கிறார்களே, அதை வாங்குவதா?
– புதுவயல்

ஆயுட்காலம் சரி, யாருடைய ஆயுள்? உங்களுடையதா, லேப்டாப்புடையதா, விற்ற கம்பெனியுடையதா? இதை ஒரு விளம்பரமும் சொல்வதில்லை.

நான் அப்படி ஒன்று வாங்கினேன். நாலு வருடம் நன்றாகத்தான் ஓடியது. கம்பெனி கைமாறியது. புதிய முதலாளி பழைய உரிமங்களைச் சரிபார்க்கும் சர்வரை மூடிவிட்டார். அது தெரியாமல் லேப்டாப்பைத் துடைத்து மறுபடி நிறுவினேன். மென்பொருள் அனுமதி கேட்டது, பதில் சொல்ல அங்கே யாரும் இல்லை. எனக்கு ஆயுள் இருந்தது, உரிமத்துக்குத்தான் இல்லை. முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளில் பாட்டன் காலத்துப் பூட்டுகள் தொங்குகின்றன. சாவியைப் போட்டால் இன்றைக்கும் திறக்கும். விற்றவர் போய்ச் சேர்ந்துவிட்டார் என்று எந்தப் பூட்டும் அடம்பிடிப்பதில்லை. காசு கொடுத்து வாங்கிய பொருள் என்றால் அப்படித்தான் இருக்க வேண்டும். இவர்கள் விற்பது பொருளே இல்லை, அனுமதி. சின்ன எழுத்தில் அதை எழுதியும் வைத்திருப்பார்கள்.

எனவே வாங்குமுன் கேளுங்கள்: இணையம் இல்லாமல் நிறுவ முடியுமா? நிறுவும் கோப்பை நான் பத்திரப்படுத்தலாமா? வேறு லேப்டாப்புக்கு மாற்ற விடுவீர்களா? சந்தாவை நிறுத்தினால் பழைய வேலைகளைத் திறக்க முடியுமா? ஒலி வேவ் கோப்பாக இருந்தால் எதிலும் திறக்கும். மென்பொருளின் சொந்தக் கோப்பு அப்படி இல்லை. ஒரே ஒரு படம், ஒரு மாத வேலை என்றால் சந்தா மோசமில்லை. ஜெனரேட்டர் வாடகை மாதிரி எடுத்து, முடிந்ததும் மறக்காமல் நிறுத்திவிடுங்கள். மறக்கிறவர்களை நம்பித்தான் அந்த வியாபாரமே.

இரண்டு பேர் பேசும் படம் எடுக்கிறோம். மென்பொருளே வேண்டாம், ஃபீல்டு ரெக்கார்டர் (தூக்கிப்போகும் ஒலிப்பதிவுப் பெட்டி) வாங்கு என்கிறார் கேமரா அண்ணன். லேப்டாப்தான் இருக்கிறதே, அதுதான் மலிவு என்கிறேன் நான். யார் சொல்வது சரி?
– கோட்டையூர்

அண்ணன். ஊருணிக் கரையில் மே மாத வெயிலில் லேப்டாப் திரையைப் பார்த்திருக்கிறீர்களா? உங்கள் முகம்தான் தெரியும். சூடு ஏறினால் உள்ளே விசிறி கத்தும், அதையும் மைக் பிடிக்கும். ஜூம் எஃப்8 மாதிரிப் பெட்டியில் மைக் செருகல், டைம்கோட் எல்லாம் உள்ளேயே இருக்கும், இரண்டு எஸ்.டி. கார்டு போடலாம், பேட்டரியிலும் ஓடும். வளவில் கல்யாணக் காட்சி, பன்னிரண்டு பேர் சட்டையிலும் மைக் என்று வந்தால் லேப்டாப்புக்கு வேலை இருக்கிறது. நீங்கள் எடுப்பது இரண்டு பேர் பேசும் படம் என்று எழுதியிருக்கிறீர்கள்.

முதலில் ரெக்கார்டரை இரண்டு நாள் வாடகைக்கு எடுங்கள். இல்லை, லேப்டாப்தான் என்று பிடிவாதமாக இருந்தால், எப்போதோ வாங்கிய, ஃபயர்வயர் என்ற பழைய வகைச் செருகல் கொண்ட இன்டர்ஃபேஸ் ஒன்று என் பரணில் கிடக்கிறது. அதைச் செருகும் துளை உள்ள லேப்டாப்பை ஆறு வருடமாகத் தேடிக்கொண்டிருக்கிறேன்.