வெண்பனி அச்சில் வந்ததா, பிறகு ஏற்றியதா?

கேள்வி: 1962-ஆம் ஆண்டு அமெரிக்க ஃபிராங்க்ளின் அரை டாலர் புரூஃப் நாணயம் (சேகரிப்பவர்களுக்காகத் தனியாகப் பளபளப்பாக அடித்தது) ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. முகம் பனி படர்ந்ததுபோல் வெள்ளையாகவும், பின்னணி கண்ணாடி போலவும் இருக்கிறது. கேமியோ என்று கூடுதல் விலை சொல்கிறார்கள். தரச்சான்று இல்லை. நம்பலாமா?

பதில்: சந்தேகப்படுவது நியாயம்தான். அந்த ஆண்டு 32 லட்சத்துக்கும் மேல் புரூஃப் நாணயங்கள் அடித்தார்கள். ஆனால் அமிலத்தில் நனைத்துச் சொரசொரப்பாக்கிய புது அச்சில் முதலில் விழுந்த கொஞ்ச நாணயங்களுக்குத்தான் இந்தப் பனி கிடைத்தது. அடிக்க அடிக்க அச்சு வழவழப்பாகிவிடும், பனியும் மங்கிவிடும். அதனால்தான் இந்த விலை. அதனால்தான் போலியும் வருகிறது.

பத்து மடங்கு பெரிதாக்கும் லூப்பும் (சிறு உருப்பெருக்கிக் கண்ணாடி) ஒற்றை விளக்கும் போதும். முதலில் கன்னத்தைப் பாருங்கள். சின்னக் கீறல் ஏதாவது இருக்கும். அசல் பனி அச்சிலிருந்து வந்தது, கீறல் அதற்குப் பிறகு விழுந்தது. ஆகவே கீறல் பனியை அறுத்துக்கொண்டு பளிச்சென்று மின்ன வேண்டும். கீறலின் குழிக்குள்ளும் அதே வெண்மை படிந்திருந்தால், பனியைப் பிறகுதான் ஏற்றியிருக்கிறார்கள். அதற்குமேல் பேச்சே வேண்டாம், நாணயத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். கீறல் மின்னுகிறது என்பதற்காக மட்டும் அசல் என்று முடிவு கட்டவும் வேண்டாம். போலிப் பனி ஏற்றிய பிறகும் கீறல் விழலாம்.

அப்புறம், மேலே உள்ள 'லிபர்ட்டி' என்ற சொல்லில் 'பி' எழுத்தைப் பாருங்கள். எழுத்தின் மேல் பனி இருக்க வேண்டும், அதன் இரண்டு வளையங்களுக்குள் கண்ணாடிப் பளபளப்பு இருக்க வேண்டும். அமிலமோ மருந்தோ தடவுகிறவர்களின் கை தடுமாறுவது இந்த மாதிரிக் குறுகிய இடங்களில்தான். முகத்துக்கு மட்டும் பூசிவிட்டு எழுத்துகளை அப்படியே விட்டுவிடுவதும் உண்டு. பனி விளிம்பு தாண்டிப் பின்னணியில் மெல்லிய புகைபோல் கசிந்திருந்தாலும் வாங்காதீர்கள்.

பின்பக்கத்தில் உள்ள மணி உருவத்தையும் பார்த்துவிடுங்கள். ஒரு பக்கம் மட்டும் பனி விழுந்த அசல் நாணயங்கள் ஏராளம். ஆனால் இரு பக்கமும் இருந்தால்தான் பிசிஜிஎஸ், என்ஜிசி என்ற நாணயத் தரச்சான்று நிறுவனங்கள் கேமியோ என்று சான்று தரும்.

படத்தை மட்டும் நம்பிப் பணம் அனுப்பாதீர்கள். விளக்கைச் சரியான கோணத்தில் வைத்தால் சாதாரண புரூஃப்கூட கேமியோ போலத் தெரியும். நாணயத்தை மெதுவாகச் சாய்க்கும் வீடியோ கேளுங்கள். பின்னணி கறுத்தும் வெளுத்தும் மாறும்போது முகத்தின் வெண்மை மாறாமல் நிற்கிறதா என்று கவனியுங்கள்.