புண்ணுக்கு ஒட்சிசன் அறை உதவுமா?

கேள்வி: என் அப்பாவுக்கு வயது 66, நீரிழிவு உண்டு. பெருவிரலடியில் வந்த புண் மூன்று மாதமாகியும் ஆறவில்லை. உயர் அமுக்க ஒட்சிசன் அறையில் இருந்தால் புண் ஆறுவதோடு உடலின் கலங்களும் இளமையாகும் என்கிறார் கனடாவிலுள்ள சித்தப்பா. பணமும் அனுப்புவாராம். செய்யலாமா?
– வாசகி, உப்புவெளி, திருகோணமலை

பதில்: சித்தப்பா புண்ணைப் பற்றிச் சொன்னதில் உண்மை உண்டு, இளமைக்காக அவருடைய பணத்தைச் செலவழிக்க வேண்டாம்.

உங்கள் ஊரில் சங்கும் கடலட்டையும் குளிக்கிறவர்களைக் கேட்டால் இந்த அறையைப் பற்றிச் சொல்வார்கள். ஆழத்திலிருந்து விரைந்து மேலே வந்ததால் உடலில் நைதரசன் குமிழ்கள் உண்டாகி, மூட்டு நோவும் கால் மரப்பும் கண்டவர்களுக்கு இதுவே முதன்மையான சிகிச்சை.

நலமான நுரையீரல் உள்ளவருக்குச் சாதாரணக் காற்றிலேயே, குருதியில் ஒட்சிசனைச் சுமக்கும் ஈமோகுளோபின் ஒட்சிசனால் ஏறத்தாழ நிரம்பிவிடும். ஆனால் வளிமண்டல அமுக்கத்தைப் போல் 2 முதல் 3 மடங்கு அமுக்கத்தில் தூய ஒட்சிசனைச் சுவாசிக்கும்போது அது குருதியின் திரவப் பகுதியிலேயே கரைகிறது. 100 மில்லிலீற்றர் குருதியில் வழக்கமாக 0.3 மில்லிலீற்றராக இருக்கும் அந்த அளவு, 3 மடங்கு அமுக்கத்தில் 6 மில்லிலீற்றர் வரை உயரும். அதனால் புண்ணின் ஓரத்தில் மூச்சுத் திணறிக் கிடக்கும் கலங்களுக்கும் ஒட்சிசன் எட்டுகிறது. வெண்கலங்கள் கிருமிகளைக் கொல்ல வலுப்பெறுகின்றன. பல அமர்வுகளுக்குப் பின் புதிய மயிர்க்குழாய்களும் (மிக நுண்ணிய குருதிக்குழாய்கள்) துளிர்க்கின்றன. எனினும் காலுக்கு வரும் பெரிய நாடியே அடைபட்டிருந்தால், முதலில் அதைத்தான் சரிசெய்ய வேண்டும்.

இளமைப் பேச்சுக்குப் பெரும்பாலும் ஆதாரமாகக் காட்டப்படுவது 2020இல் வெளியான இஸ்ரேலிய ஆய்வு. 64 வயதும் அதற்கு மேலுமான 35 பேருக்கு 60 அமர்வுகள் அளித்தபின் வெண்கலங்களின் டெலோமியர்கள், அதாவது வயதாக ஆகக் குறுகும் நிறமூர்த்த முனைகள், நீண்டிருந்தன. ஒப்பிட்டுப் பார்க்கச் சிகிச்சை பெறாத குழு அதில் இல்லை. அவர்களுடைய ஆயுள் கூடியதாகவும் அது காட்டவில்லை.

மிகையான ஒட்சிசன் கலங்களுக்குக் கேடு என்பதாலேயே ஓர் அமர்வு 90 முதல் 120 நிமிடங்களோடு நிறுத்தப்படுகிறது. காதடைப்பும் காது நோவும் பலருக்கு வரும். சிலருக்குக் கிட்டப்பார்வை சில வாரங்கள் நீடிக்கும், வலிப்பு அரிது. நுரையீரலைச் சுற்றிக் காற்றுக் கசிந்திருப்பவரை உள்ளே விடவே கூடாது. தீ இன்னொரு பேராபத்து: 2025 ஜனவரியில் அமெரிக்காவின் மிச்சிகனில் 5 வயதுச் சிறுவன் அறைக்குள் எரிந்து இறந்தான்.

ஆகவே முதலில் நீரிழிவுக் கிளினிக்கில் கால் நாடியின் ஓட்டத்தையும் எலும்பில் கிருமி தொற்றியுள்ளதா என்பதையும் பார்க்கச் சொல்லுங்கள். அதன்பின் வைத்தியரே அறையைப் பரிந்துரைத்தால், உள்ளே சீனி திடீரென இறங்கக்கூடும் என்பதால், போகுமுன் அளந்து பாருங்கள். அன்று காலையில் போடும் இன்சுலின் அளவையும் வைத்தியரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஒட்சிசன் நிறைந்த அறையில் எண்ணெய் எளிதில் தீப்பற்றும் என்பதால், அன்று அப்பாவின் தலைக்கு எண்ணெய் வைக்க வேண்டாம்.